அகம் அரங்கேறும்போது: மெய்நிலைக் காட்சியும் இல்லத்து வன்முறையும்

1

தமிழிலக்கிய மரபு மனித வாழ்வை அகம், புறம் என இரண்டாக வகுத்தது யாவரும் அறிந்ததே. அப்பாகுபாட்டின் அடிப்படை விதிகளுள் ஒன்று, அகத்திணைச் செய்யுளில் எவரும் இயற்பெயரால் சுட்டப்படலாகாது என்பதாகும். தலைவன், தலைவி, தோழி, செவிலி என்போர் அங்கே பேசுவர். இன்ன ஊரிலுள்ள இன்னார் என்று ஒருவரும் அடையாளங் காட்டப்படுவதில்லை. பெயர் சுட்டப்பட்டால் அச்செய்யுள் புறத்தைச் சார்ந்ததாகிவிடும். இதனை வெறும் இலக்கண நுணுக்கமாகக் கருதி விட்டுவிடுதல் பொருந்தாது. ஓர் இல்லத்துள் நிகழ்வது பெயரோடு ஊரறிய வருமாயின், அது சுவைத்தற்குரிய பொருள் என்ற நிலையினின்று நீங்கி, விசாரித்தற்குரிய பொருளாகிவிடுகின்றது என்னும் சமூக உணர்வும் அவ்விதியினுள்ளே பொதிந்துள்ளது எனலாம்.

ரியாலிற்றி ஷோ என வழங்கும் மெய்நிலைக் காட்சிகள் இவ்வுணர்வைத் தலைகீழாக்கியுள்ளன. அங்கே பெயர் உண்டு, முகம் உண்டு, உண்மையான கணவனும் உண்மையான மனைவியும் உண்டு. ஆயினும் இல்லத்துள் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் கொடுமை அங்கே விசாரணைப் பொருளாவதில்லை. சுவைப் பொருளாகவே எஞ்சுகின்றது. இல்லத்து வன்முறைக் குற்றச்சாட்டுக்கு உள்ளான ஒருவர் இத்தகைய காட்சியில் தோன்றும்போது பொறுப்புக்கூறல் என்பது என்னவாகின்றது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். குற்றச்சாட்டுகளின் உண்மை பொய்களைத் தீர்மானித்தல் நீதிமன்றத்தின் பணி. திறனாய்வின் பணி, அக்குற்றச்சாட்டுகளை நிகழ்ச்சி எவ்வாறு கையாள்கின்றது என்பதை நோக்குவதாகும்.

2

இக்காட்சி வடிவம் நேற்றுத் தோன்றியதன்று. 1973 ஆம் ஆண்டு அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 'ஓர் அமெரிக்கக் குடும்பம்' என்னும் தொடர் 12 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. கலிபோர்னியாவில் வாழ்ந்த லவுட் குடும்பத்தினரின் நாளாந்த வாழ்க்கையைப் படம்பிடித்த அத்தொடரில், மனைவி கணவனிடம் மணமுறிவு கோரும் காட்சியும் இடம்பெற்றது. ஒரு குடும்பத்தின் உடைவு நாடு முழுவதற்குமான காட்சியாதல் அன்றே நிகழ்ந்துவிட்டது. 1999 இல் நெதர்லாந்தில் 'பிக் பிரதர்' தொடங்கியது. மக்களை இடையறாது கண்காணிக்கும் சர்வாதிகாரத்தைக் குறிக்க ஜோர்ஜ் ஓர்வெல் 1949 இல் வெளிவந்த தமது நாவலில் ஆண்ட பெயரே, ஓர் ஐம்பதாண்டு கழித்து ஒரு பொழுதுபோக்கின் பெயராயிற்று. 2006 இல் அது 'பிக் பாஸ்' என்னும் பெயரில் இந்திக்கு வந்தது. 2017 யூன் 25 ஆம் திகதி விஜய் தொலைக்காட்சி வாயிலாகத் தமிழுக்கு வந்தது. முதல் ஏழு பருவங்களைக் கமல்ஹாசன் தொகுத்து வழங்கினார். 2024 இல் அப்பொறுப்பு விஜய் சேதுபதியிடம் சென்றது.

நிகழ்ச்சியின் அமைப்பு எளியது. வெளியுலகத் தொடர்பு அற்ற ஒரு வீட்டிலே ஏறத்தாழ நூறு நாட்களுக்குச் சிலர் அடைக்கப்படுவர். எங்கும் கமராக்கள் இருக்கும். வாரந்தோறும் வெளியேற்றத்துக்கு உரியவர்கள் முன்மொழியப்படுவர்; பார்வையாளர் வாக்களிப்பர்; வார இறுதியில் தொகுப்பாளர் தோன்றி அவ்வாரத்து நிகழ்வுகளை விசாரிப்பார். வீடு, சாட்சி, விசாரணை, தீர்ப்பு ஆகிய நான்கின் சாயலும் இவ்வமைப்பில் உண்டு என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. நீதியின் தோற்றத்தைப் பெற்றிருப்பதனாலேயே இக்காட்சி ஏனைய பொழுதுபோக்குகளிலும் பார்க்க ஆழமாகப் பார்வையாளரின் நியாய உணர்வைத் தீண்டுகின்றது.

அப்பார்வையாளர் சென்னையில் மாத்திரம் இருப்பவரல்லர். யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கே கடனீரேரியை அணைந்து கிடக்கும் கொழும்புத்துறையிலும், வலையும் தோட்டமும் உத்தியோகமும் முடித்து மக்கள் வீடு திரும்பிய பின்னர், செய்மதி அலைவரிசையாக இதே காட்சி கூடத்துக்குள் வந்து சேர்கின்றது. மாமியும் மருமகளும், பேரனும் பேத்தியும் ஒன்றாக அமர்ந்திருக்கும் அக்கூடத்தில், "அடிச்சது உண்மையெண்டால் அவள் ஏன் அவனோடை அங்கை போய் நிக்கிறாள்?" என ஒரு கேள்வி எழுமாயின், அது திரையைப் பற்றியது மட்டுமன்று. பக்கத்து வளவிலே வாய்திறவாதிருக்கும் ஒரு பெண்ணும் அதனைக் கேட்கக்கூடும். தான் சொன்னால் தன்னையும் இவ்வாறுதான் கேட்பர் என அவள் அறிந்துகொள்வாள். ஆகவே இக்காட்சி எங்கே தயாரிக்கப்படுகின்றது என்பதிலும், எங்கே கேட்கப்படுகின்றது என்பதும் முக்கியமாகின்றது.

3

தமிழ் பிக் பாஸின் இரண்டாம் பருவம் 2018 யூன் மாதம் தொடங்கியது. நகைச்சுவை நடிகர் தாடி பாலாஜியும் அவர் மனைவி நித்தியாவும் அதிலே போட்டியாளராகச் சேர்க்கப்பட்டனர். பாலாஜி அதே தொலைக்காட்சியின் 'கலக்கப் போவது யாரு' நிகழ்ச்சியில் நடுவராக இருந்து மக்களிடையே அறிமுகம் பெற்றவர். இருவரும் அப்போது பிரிந்து வாழ்ந்தனர். அதற்கு முந்திய ஆண்டில், கணவர் தம்மைத் துன்புறுத்துகின்றார் என நித்தியா சென்னையில் பொலிஸாரிடம் முறைப்பாடு செய்திருந்தார். பாலாஜி அதனை மறுத்ததோடு தம் பக்கத்துக் குற்றச்சாட்டுகளையும் கூறியிருந்தார். இவை யாவும் ஊடகங்களில் வெளிவந்த செய்திகள். எனவே நிகழ்ச்சியை அமைத்தோர் இதனை அறியாது இருவரையும் ஒரே வீட்டினுள் விட்டனர் என்று கொள்ளுதற்கு இடமில்லை.

இவ்வமைப்பினால் மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன.

முதலாவது, முறைப்பாடு பிணக்காக மாறியது. முறைப்பாடு என்பது ஒருவர் மற்றொருவருக்கு இழைத்ததாகச் சொல்லப்படும் தீங்கைப் பற்றியது. அதற்கு ஒரு திசை உண்டு. பிணக்கு என்பது இருவருக்கும் பொதுவானது. அதற்குத் திசை இல்லை. "புருஷன் பெண்சாதிச் சண்டை" என்று ஊரார் சொல்லி விலகிக்கொள்வதும் இத்திசையை மறைத்தற்கே. நிகழ்ச்சியிலும் இவ்விருவரும் மீண்டும் சேர்வார்களா என்பதே கதையோட்டங்களுள் ஒன்றாயிற்று. முறைப்பாட்டில் கூறப்பட்டவை நிகழ்ந்தனவா என்னும் கேள்வி அக்கதைக்குத் தேவைப்படவில்லை.

இரண்டாவது, குற்றஞ்சாட்டப்பட்டவரும் குற்றஞ்சாட்டியவரும் சமநிலைப் போட்டியாளராயினர். நீதிமன்றம் கேட்பது அன்று அவ்வீட்டில் நடந்தது என்ன என்பதை. நிகழ்ச்சி காட்டுவதோ இன்று இவ்வீட்டில், கமராவின் முன், அவர் எவ்வாறு நடந்துகொள்கின்றார் என்பதை. இவையிரண்டும் வேறு வேறு. வீட்டிலே கைநீட்டும் மனிதர் சந்தியிலே சாந்த சொரூபியாக இருப்பதை எந்த ஊரும் அறியும். ஒருவர் நூறு நாள் நல்லவராக இருந்து காட்டினார் என்பது முன்னர் அவர்மீது கூறப்பட்டதற்கு மறுப்பாகாது; அவர் அங்கே கோபித்தார் என்பது அதற்குச் சான்றும் ஆகாது. இம்முறையினால் இழப்பு முறைப்பாட்டாளருக்கு மட்டுமன்று. குற்றமற்ற ஒருவரும் இங்கே தம்மைத் தெளிவுபடுத்திக்கொள்ள வழியில்லை. நடிப்புத் திறன் ஒன்றே அவருக்கும் துணை. மறுபுறம், முறையிட்ட பெண் அங்கே சினந்து பேசினால், அச்சினமே அவளுக்கு எதிரான சாட்சியமாக வாசிக்கப்படும்.

மூன்றாவது, சமூகம் வாக்காளர் கூட்டமாயிற்று. நித்தியா சில வாரங்களிலே வெளியேற்றப்பட்டார். பாலாஜி மேலும் பல வாரங்கள் நிலைத்திருந்தார். போட்டியின் விதிப்படி இதில் தவறேதுமில்லை. வாக்கு விருப்பத்தை அளப்பதன்றித் தீர்ப்பன்று. ஆயின் முறைப்பாட்டுடன் தொடர்புற்ற இருவர் ஒரே களத்தில் நிற்கையில், வாக்கு தீர்ப்பின் நிழலைப் பெற்றுவிடுகின்றது. மக்கள் எவரை விரும்பினர் என்பது எவர் சொன்னது மெய் என்பதாக மயங்கிவிடுகின்றது.

4

நிகழ்ச்சியின் வீட்டிலுள்ள ஓர் அறைக்குக் 'கன்ஃபெஷன் றூம்' என்று பெயர். கொழும்புத்துறையிலிருந்து பார்ப்பவருக்கு இப்பெயர் தனிப்பொருள் தரும். வருங்காலக் குருக்களைப் பயிற்றும் புனித சவேரியார் பெரிய குருமடம் இவ்வூரிலேதான் உள்ளது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எக்காரணங்கொண்டும் வெளியிடலாகாது என்பது குருத்துவத்தின் தலையாய கடப்பாடுகளுள் ஒன்று. இதே ஊரின் சிறு குடிலொன்றிலேதான் 1964 இல் சமாதியடைந்த யோகர் சுவாமிகளும் வாழ்ந்தார். குடும்பத் துயரங்களைச் சுமந்துகொண்டு மக்கள் அவரை நாடிச் சென்றனர். சொல்லப்பட்ட துயரம் அங்கே ஊர்க்கதையாகாது என்னும் நம்பிக்கையும் அவர்களோடு சென்றது.

இம்மரபுகளை முழுமையாக இலட்சியப்படுத்தல் வேண்டியதில்லை. இரகசியத்தைக் காக்கும் இடங்கள் சிலவேளை கொடுமையையும் காத்துவிடுகின்றன. "பொறுத்துப் போ" என்னும் அறிவுரை கோயில் வீதியிலும் ஆலய முற்றத்திலும் எத்தனையோ பெண்களுக்கு வழங்கப்பட்டதுதான். எனினும் அங்கே கேட்பவர் சொல்பவரின் துயரத்தை விற்பனைப் பொருளாக்கவில்லை. தொலைக்காட்சியின் ஒப்புதல் அறையிலோ கேட்பவரும் இல்லை, காப்பவரும் இல்லை. ஒலிவாங்கி மாத்திரம் உண்டு. அங்கே சொல்லப்படுவது இரகசியமாகவும் காக்கப்படுவதில்லை, முறைப்பாடாகவும் பதியப்படுவதில்லை. இரண்டின் பயனையும் இழந்து, இரண்டின் உருக்கத்தை மட்டும் அது பெற்றுக்கொள்கின்றது.

5

நிகழ்ச்சிக்குப் பொறுப்புணர்வே இல்லை என்பாரும் உளர். அது முற்றும் சரியன்று. 2019 இல் மூன்றாம் பருவத்தின் வார இறுதி நிகழ்வொன்றில், பேருந்தில் பெண்களுக்கு நேரும் தொல்லைபற்றிப் பேச்சு எழுந்தபோது, நடிகர் சரவணன் தாமும் கல்லூரி நாட்களில் அதற்காகவே பேருந்தில் ஏறியதாகக் கூறினார். அரங்கிலே கைதட்டல் எழுந்தது. பாடகி சின்மயி உள்ளிட்டோர் வெளியே கண்டித்தனர். சரவணன் மன்னிப்புக் கோரினார். ஓகஸ்ற் மாதத் தொடக்கத்தில் வீட்டினின்றும் வெளியேற்றப்பட்டார்.

இந்நிகழ்வு இரு உண்மைகளைப் புலப்படுத்துகின்றது. நிகழ்ச்சி விரும்பினால் வாக்குக்காகக் காத்திராமல் ஒருவரை அகற்ற முடியும் என்பது ஒன்று. வெளியிலிருந்து கண்டனம் எழும்வரை அரங்கு கைதட்டிக்கொண்டிருந்தது என்பது மற்றொன்று. ஆகவே அங்கே செயற்பட்டது அறநெறிக் கோட்பாடன்று. நற்பெயர் பற்றிய அச்சமே எனலாம். ஏனைய நாடுகளின் அனுபவமும் இதனையே காட்டுகின்றது.

இந்தித் தொலைக்காட்சியில் ராகுல் மகாஜன் என்பவரின் வரலாறு இவ்வகையில் நோக்கத்தக்கது. அவர் தம்மைத் தாக்கினார் என அவருடைய முதல் மனைவி குற்றஞ்சாட்டியதாகச் செய்திகள் வெளிவந்திருந்தன. 2008 இல் அம்மணம் முறிந்தது. அதே ஆண்டு அவர் இந்தி பிக் பாஸில் தோன்றினார். 2010 இல் மற்றொரு தொலைக்காட்சி அவருக்கென்றே ஒரு சுயம்வர நிகழ்ச்சியை நடத்தி, அந்த அரங்கிலேயே டிம்பி கங்குலிக்கு மணஞ்செய்து வைத்தது. சில மாதங்களுள், கணவர் தம்மை அடித்தார் என டிம்பியும் கூறினார். 2015 இல் அம்மணமும் முறிந்தது. இங்கே தொலைக்காட்சி ஒரு குற்றச்சாட்டைக் கவனியாது விட்டது என்பதோடு அமையவில்லை. அக்குற்றச்சாட்டினால் கிடைத்த அறிமுகத்தையே மூலதனமாக்கி, ஓர் இளம்பெண்ணை அவ்வீட்டுக்கு வழியனுப்பியும் வைத்தது.

அமெரிக்காவில் விளைவு இன்னுங் கொடியது. 2009 இல் கனடாவைச் சேர்ந்த றயன் ஜென்கின்ஸ் என்பவர், செல்வந்தரை மணக்க விரும்பும் பெண்ணொருத்தியை மையமாகக் கொண்ட நிகழ்ச்சியொன்றின் போட்டியாளராயிருந்தார். 2007 இல் கல்கரி நகரில் தாக்குதற் குற்றத்துக்காக அவர் தண்டிக்கப்பட்டிருந்தமை தெரிவின்போது வெளிப்படவில்லை. 2009 ஓகஸ்றில் அவர் மனைவி ஜஸ்மின் பியோரி கொலையுண்டு கிடந்தார். கொலைக் குற்றஞ்சாட்டப்பட்ட ஜென்கின்ஸ் விசாரணைக்கு முன்னரே உயிர்நீத்தார். தொலைக்காட்சி நிகழ்ச்சியை நிறுத்தியது. போட்டியாளரின் பின்னணியை விசாரிப்பது வெறும் அலுவலகச் சடங்கன்று என்பதை இது காட்டும். பிரித்தானியாவின் ஒளிபரப்பு ஒழுங்குறுத்து நிறுவனமான 'ஒவ்கொம்', இத்தகைய நிகழ்ச்சிகளில் பங்குபற்றுவோரின் நலனில் ஒளிபரப்பாளர் உரிய கவனம் செலுத்தவேண்டும் என்னும் விதியை 2021 ஏப்பிரலில் நடைமுறைக்குக் கொணர்ந்தது. பொறுப்புக்கூற வேண்டியவர் திரையில் தோன்றுபவர் மட்டுமல்லர், அவரைத் தெரிந்தெடுத்தவருமே என்னும் கொள்கை அங்கே விதியாகியுள்ளது.

6

யாழ்ப்பாணப் பார்வையாளருக்கு இப்பிரச்சினை மேலும் நெருங்கி வந்த சந்தர்ப்பமும் உண்டு. 2019 இல் இலங்கைத் தமிழரான லொஸ்லியாவும் தர்ஷனும், 2022 இல் ஜனனியும் இந்நிகழ்ச்சியில் பங்குபற்றினர். 2020 இன் தொடக்கத்தில், தம்மோடு மணநிச்சயம் செய்துகொண்டு பின்னர் தம்மை ஏமாற்றினார் எனத் தர்ஷன்மீது நடிகை சனம் ஷெட்டி சென்னைப் பொலிஸாரிடம் முறையிட்டார். தர்ஷன் அதனை மறுத்தார். அதே ஆண்டு சனம் ஷெட்டியும் பிக் பாஸின் நான்காம் பருவத்தில் போட்டியாளரானார். இது இல்லத்து வன்முறை வழக்கன்று. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது தவறு. ஆயினும் 'எங்கடை பெடியன்' என்ற பற்று ஒருபுறமும், முன்பின் அறியாத ஒரு பெண்ணின் முறைப்பாடு மறுபுறமும் நிற்கையில் பார்வையாளரின் நியாய உணர்வு எத்திசையில் சாயும் என்பதற்கு அது ஓர் உரைகல். நம்மவர் என்பதற்காக முறைப்பாட்டைக் கேளாமலே பொய்யென்பதும், பிறர் என்பதற்காகக் கேளாமலே மெய்யென்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

'பொறுப்புக்கூறல்' என்னும் சொல் கடந்த பல ஆண்டுகளாக வடபுலத்தில் நாள்தோறும் ஒலித்து வருவது. போரின்போது இழைக்கப்பட்டவற்றுக்கு அரசு பதில்சொல்லவேண்டும் என்னும் கோரிக்கையின் சொல் அது. முறைப்பாட்டைப் பதிவுசெய், சாட்சியைக் காப்பாற்று, இழைத்தவனையே நீதிபதியாக்காதே, விசாரணைக்கு முன் நல்லிணக்கம் பேசாதே என அச்சொல்லின் உள்ளடக்கத்தை இம்மக்கள் அனுபவத்தால் அறிவர். வீட்டுக்குள் நிகழும் கொடுமைக்கு மாத்திரம் இவ்வறிவு மறக்கப்படுவது ஏன்? அரசிடம் ஏற்கப்படாத 'மறப்போம், மன்னிப்போம்' என்பது, கணவனிடம் மனைவி ஏற்கவேண்டிய அறமாக மாறிவிடுவது எவ்வாறு?

இது சிறுபான்மையோரின் பிரச்சினையுமன்று. இலங்கையில் 2019 இல் நடத்தப்பட்ட பெண்கள் நல்வாழ்வு பற்றிய தேசிய ஆய்வு, துணைவரோடு வாழ்ந்த பெண்களுள் ஐவருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் துணைவரால் உடல் ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறைக்கு உட்பட்டிருப்பதைக் காட்டிற்று. தமிழ்நாட்டில் 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, மணமான 18 முதல் 49 வயது வரையான பெண்களுள் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறையை அனுபவித்துள்ளனர். நிகழ்ச்சி தயாராகும் மண்ணிலும் அது பார்க்கப்படும் மண்ணிலும் கூடத்தில் அமர்ந்திருப்போருள் இப்பெண்களும் உளர்.

இவர்களுக்கென ஒரு வாயில் சட்டத்தில் உண்டு. இலங்கையின் 2005 ஆம் ஆண்டு 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். இடைக்காலக் கட்டளை 14 நாட்கள் வரையும், பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரையும் செல்லுபடியாகும். உடலில் தழும்பில்லாத உளவியற் கொடுமையையும் அச்சட்டம் உள்ளடக்குகின்றது. இந்தியாவும் 2005 இல் இத்தகைய சட்டமொன்றை இயற்றி, 2006 ஒக்ரோபரில் நடைமுறைப்படுத்தியது. சட்டமும் தொலைக்காட்சியும் ஆகிய இரண்டுமே அகத்தைப் புறத்துக்குக் கொணர்கின்றன. முன்னதில் கேட்பவருக்கு வினவும் அதிகாரமும், வினவப்படுபவருக்கு விடைகூறும் கடமையும், விடையின் பின் விளைவும் உண்டு. பின்னதில் இம்மூன்றும் இல்லை.

குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவருடைய தொழிலைத் தடுப்பது நியாயமா என்னும் வினா இங்கே எழலாம். அது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. குற்றச்சாட்டு ஒன்றினாலேயே ஒருவருக்கு வாழ்நாள் தடை விதித்தல் நீதியாகாது. ஆனால் ஒருவரை வேலையினின்று நீக்குவது வேறு. அவர்மீதுள்ள முறைப்பாட்டையே அவருடைய வேலையாக்குவது வேறு. முறைப்பாடு நிலுவையிலுள்ள இருவரை ஒரே வீட்டில் அடையாதிருத்தல், அம்முறைப்பாட்டைக் கதையாக்காதிருத்தல், அது தீர்மானிக்கப்பட வேண்டிய இடம் நீதிமன்றமே எனப் பார்வையாளருக்குச் சொல்லுதல், போட்டியாளரின் முன்வரலாற்றை உண்மையாக விசாரித்தல் ஆகியன எவருடைய உரிமையையும் பறிப்பனவல்ல.

7

புகழ்பெற்றவரின் இல்லத்துக் குறையைப் புலவர் எவ்வாறு கையாளவேண்டும் என்பதற்குப் புறநானூற்றிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. மயிலுக்குப் போர்வை ஈந்து புகழ்பெற்றவன் பேகன். அவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வாழ்ந்தபோது கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவனை நோக்கிப் பாடிய பாடல்கள் 143 முதல் 147 வரை அமைந்துள்ளன. அகத்துக்குரிய துயரம் இங்கே பெயரோடு புறத்தில் வைக்கப்படுகின்றது. அது சுவைக்காக அன்று, பதில் கோருதற்காக. வள்ளலென்ற அவன் புகழ் அப்புலவரின் வாயை அடைக்கவில்லை. பரிசில் வேண்டாம், அவள் துயரைத் தீர்ப்பதே வேண்டும் என்னும் கருத்துப்பட அவர்கள் பேசுகின்றனர். தம்மை மகிழ்விப்பவனிடமிருந்து கிடைக்கும் பயனைத் துறக்க ஆயத்தமாயிருந்தமையே அவர்களுக்குக் கேட்கும் உரிமையைத் தந்தது.

இம்முன்மாதிரியிலும் ஓர் எல்லை உண்டு. புலவர் கோரியது பேகன் மனைவியிடம் திரும்பிச் செல்லவேண்டும் என்பதே. துறந்தவனுக்கு அது பரிகாரமாகலாம்; அடித்தவனுக்கு அது பரிகாரமாகாது. அடிபட்டவளுக்கு மீண்டும் கூடுதல் என்பது சிலவேளை ஆபத்தின் தொடர்ச்சியே. சேர்த்துவைத்தலே இனிய முடிவு என்னும் பழைய கதைமுடிவைத் தொலைக்காட்சி இன்றும் விற்றுக்கொண்டிருக்கின்றது. பார்வையாளரும் அதனையே எதிர்பார்க்கின்றனர். இவ்வெதிர்பார்ப்பை மாற்றுதல் ஒளிபரப்பாளரால் மட்டும் ஆகக்கூடியதன்று. கொழும்புத்துறையின் கூடமொன்றில் அடுத்த பருவம் ஓடும்போது, "இவை ரெண்டுபேரும் சேருவினமோ?" என்ற கேள்விக்கு முன்னதாக, "அந்த முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது?" என்று ஒருவர் கேட்பாராயின், அக்கூடத்தில் மௌனமாக இருக்கும் பெண்ணுக்கு நீதவான் நீதிமன்றத்தின் வாயில் அவ்வளவுக்கு அண்மையதாகும்.